நியூட்ரானை எதில் பிடிப்பது: தங்கமா, கந்தகமா?

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி வெப்ப நியூட்ரான்கள், அதாவது வேகம் தணிந்த மெதுவான நியூட்ரான்கள், கடந்து போன இடத்தில் ஒரு கிராம் மெல்லிய தங்கத் தகடு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்து எண்ணியில், அதாவது கதிரியக்கத்தை எண்ணும் கருவியில், வைத்தால் நொடிக்குச் சுமார் 900 அணுச் சிதைவுகள் நடக்கும். அதே 100 கோடி, ஆனால் வேக நியூட்ரான்கள், கடந்த இடத்தில் ஒரு கிராம் கந்தகம் இருந்தால் நொடிக்கு இரண்டோ மூன்றோதான். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் எவரும் தங்கத்தைத்தான் எடுப்பார்கள். நான் கந்தகத்தை எடுக்கச் சொல்வேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். 1950-களில் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கர்கள் குண்டுகளைக் கோபுர உச்சியில் வைத்தும், பலூனில் தொங்கவிட்டும், விமானத்திலிருந்து போட்டும் வெடித்தார்கள். வெடித்த இடத்திலிருந்து 300 மீட்டர், 500, 700, 1,000, 1,500 என்று ஒரே கோட்டில் நியூட்ரான் எத்தனை வந்தது என்று அளக்க வேண்டும். குண்டு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு கணக்கு. அந்தத் தூரத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால் அவன் உடம்பு எவ்வளவு வாங்கியிருக்கும் என்பதற்கு இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்குதான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வுதான், உலகம் முழுக்கக் கதிரியக்கப் பணியாளர்களுக்கு வைத்திருக்கும் வரம்புகளுக்கு முக்கிய அடிப்படை. எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்பது பதிவேட்டில் இருக்கும். அவர்கள் வாங்கியது எவ்வளவு என்பதை யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

தூரம் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது? விளக்கின் வெளிச்சம் போல, தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்கு என்பது பாதிக் கணக்குதான். நடுவில் காற்று இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 200 மீட்டர் சொச்சத்துக்கும் காற்று நியூட்ரான்களை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். கணக்குக்காக 220 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். 500 மீட்டரில் இருந்ததில் 1,000 மீட்டரில் மிஞ்சுவது சுமார் 40-இல் ஒன்று. 1,500 மீட்டரில் சுமார் 850-இல் ஒன்று. ஒரே கோட்டில் ஒரே பொருளை வைத்தால், ஒரு முனையில் அது கொதிக்கும், மறு முனையில் ஊமையாகிவிடும்.

அதனால் இந்தத் துறைக்காரர்கள் எண்களை நேரடியாக வரைவதில்லை. ஒவ்வொரு அளவையும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மடக்கைத் தாளில் தூரத்துக்கு எதிராகப் புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழுந்தால் அளவீடு நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். கோட்டின் சரிவு காற்றைப் பற்றிச் சொல்லும், உயரம் குண்டைப் பற்றிச் சொல்லும். கடைசிப் புள்ளிகள் கோட்டை விட்டு மேலே எழும்பினால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். அது நிஜ நியூட்ரானா, அல்லது எண்ணியில் எப்போதும் இருக்கும் பின்னணி இரைச்சலா? இந்தக் கேள்வி கடைசியில் ஹிரோஷிமாவுக்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். தூரம் என்றால் எந்தத் தூரம்? ஹிரோஷிமாவில் குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நேர் கீழே நின்றவருக்கும் குண்டுக்கும் இடையே 600 மீட்டர். தரையில் 1,000 மீட்டர் தள்ளி நின்றவருக்கு 1,166. படிக்கும் அட்டவணை தரைத் தூரத்தைச் சொல்கிறதா, சாய்வுத் தூரத்தைச் சொல்கிறதா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

மின்னணுக் கருவியை முதலிலேயே ஓரம் கட்டிவிடலாம். நியூட்ரானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வார்கள், மெகா என்றால் பத்து லட்சம். 1 கிலோமீட்டர் தூரத்தை 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் சுமார் 19 மைக்ரோ நொடியில் கடந்துவிடும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் உள்ளது சுமார் 50 மைக்ரோ நொடியில். ஒவ்வொன்றாக எண்ணும் குழாய்க்குள் இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் அது மூச்சு முட்டிப் படுத்துவிடும். அதோடு காமா வெள்ளம், மின்காந்தத் துடிப்பு, அதிர்ச்சி அலை. நியூட்ரான் எப்போது வந்தது என்று நேரம் குறிக்க வேண்டியவர்களுக்குச் சிறப்புக் கருவிகள் தேவைப்பட்டன. 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையான ட்ரினிட்டியிலேயே இதற்கு ஒரு அழகான ஏற்பாடு செய்திருந்தார்கள். யுரேனியம்-235 தகட்டுக்கு முன்னால் செலோபேன் நாடா ஓடிக்கொண்டிருக்கும். நியூட்ரான் பட்டுத் தெறிக்கும் பிளவுத் துண்டுகள் நாடாவில் ஒட்டிக்கொள்ளும். நாடாவின் எந்த இடத்தில் எவ்வளவு கதிரியக்கம் என்று பார்த்தால், எந்த நேரத்தில் எவ்வளவு நியூட்ரான் என்று தெரியும். எத்தனை என்பது மட்டும் போதும் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். மின்சாரமே இல்லாத ஒரு பொருளை வைத்துவிட்டு வரலாம். அதில் படும் நியூட்ரான் அதைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும். அப்புறம் எடுத்து வந்து நிதானமாக எண்ணலாம்.

பிலிம் சுருளும் அப்படித்தானே என்று கேட்கலாம். பிலிமுக்கு காமாவும் தெரியும், நியூட்ரானும் தெரியும், இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தூரம் போகப் போக நியூட்ரானைவிட காமா மெதுவாகக் குறைகிறது. எனவே எங்கே நமக்கு உதவி தேவையோ, அந்தத் தொலைவில்தான் பிலிம் காமாவால் கறுத்துப்போய்க் கிடக்கும். லித்தியம்-6, லித்தியம்-7 என்று இரட்டையாக வைத்துக் கழித்துப் பார்க்கும் ஒளிர்படிகங்களுக்கும் (ஒன்றுக்கு இரண்டும் தெரியும், மற்றதற்கு காமா மட்டும்) கிட்டத்தட்ட இதே சிக்கல். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைக் கண்டுபிடிப்பது கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, நிஜமான போட்டி மூன்றுக்கு இடையில்: தங்கம், பிளவுத் தகடுகள், கந்தகம்.

தங்கத்தின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. இயற்கையில் தங்கத்துக்கு ஒரே ஒரு நிலையான ஐசோடோப்புதான், தங்கம்-197. நியூட்ரானை விழுங்கினால் தங்கம்-198 ஆகும், அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் நேரம்) 2.7 நாள், 412 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா. வேறு எதோடும் குழம்பாத கையெழுத்து அது. தூசி படிந்தால் கழுவலாம். உருக 1,064 டிகிரி வேண்டும். வெப்ப நியூட்ரானை விழுங்கும் பசியும் பெரிது: சுமார் 99 பார்ன் (அந்தப் பசியை அளக்கும் அலகு). வேக நியூட்ரானுக்குக் கந்தகத்தின் எண் ஒரு பார்னில் கால்பங்கு அளவுதான். தங்கத்தைக் காட்மியம் உறைக்குள் ஒன்று, உறை இல்லாமல் ஒன்று என்று இரட்டையாக வைப்பார்கள். காட்மியம் சுமார் அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள மெதுவான நியூட்ரான்களைத் தின்றுவிடும். இரண்டின் வித்தியாசம்தான் வெப்ப நியூட்ரான்.

இங்கேதான் கொக்கி இருக்கிறது. குண்டிலிருந்து வெப்ப நியூட்ரான் வருவதில்லை. பிளவில் பிறக்கும் நியூட்ரானின் சராசரி ஆற்றல் சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். வெப்ப நியூட்ரான் என்பது 0.025 எலக்ட்ரான் வோல்ட். நடுவில் எட்டு கோடி மடங்கு இறக்கம். அந்த இறக்கம் முழுக்கக் காற்றிலும் மண்ணிலும் முட்டி மோதி நடந்தது. ஆகவே தங்கம் எண்ணுவதில் பெரும்பங்கு, தகட்டைச் சுற்றியிருக்கும் தரையும் கட்டடமும் கலந்து செய்தது. மண்ணில் ஈரம் இருந்தால், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் நியூட்ரான்களை விரைவாகத் தணித்துவிடும், தகட்டின் எண்ணும் மாறும். ஒரே தூரத்தில், தரையை ஒட்டி ஒரு தகடும் கம்பத்தில் ஒரு தகடும் வைத்தால் இரண்டும் ஒன்றே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தங்கம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு மிகத் துல்லியமாகப் பதில் சொல்கிறது.

உடம்பைக் கெடுப்பதும் வெப்ப நியூட்ரான் அல்ல, பெரும்பாலும் வேக நியூட்ரான்தான். உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவை அது முட்டித் தள்ளும். தள்ளப்பட்ட புரோட்டான் குறுகிய தூரத்துக்குள் தன் ஆற்றலை எல்லாம் இறக்கிவிடும். அதனால்தான் பிழைத்தவர்களின் ஆய்வில், நியூட்ரான் பங்கைப் பத்தால் பெருக்கி காமாவோடு கூட்டும் வழக்கம் இருக்கிறது. பத்தால் பெருக்கப்போகும் எண்ணில் தவறு இருந்தால் தவறும் பத்து மடங்கு.

பிளவுத் தகடுகள் இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஜி. எஸ். ஹர்ஸ்டும் அவரது குழுவும் 1950-களில் உருவாக்கிய முறை. மாவு சலிப்பது போல யோசித்துப் பாருங்கள், வெவ்வேறு கண்ணுள்ள நாலு சல்லடை. புளூட்டோனியம்-239 தகட்டை போரான்-10 உருண்டைக்குள் வைத்தால், போரான் மெதுவானவற்றைத் தின்றுவிட, சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே உள்ளவை மட்டும் தகட்டைத் தொடும். நெப்டியூனியம்-237 சுமார் 0.75 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலேதான் நன்றாகப் பிளக்கும். யுரேனியம்-238 சுமார் 1.5-க்கு மேலே. கந்தகம் சுமார் 3-க்கு மேலே. ஒன்றிலிருந்து அடுத்ததைக் கழித்தால் ஒவ்வொரு படியிலும் எத்தனை என்று வரும். ஒவ்வொரு படிக்கும் உடம்புக்கு எவ்வளவு சேதம் என்ற எடையைப் போட்டுக் கூட்டினால் ஏற்பளவு, அதாவது உடம்பு வாங்கிய அளவு, கிடைத்துவிடும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல முறை கிடையாது. எனக்கும் மனதளவில் இதுதான் பிடித்தது.

நடைமுறையில்? இந்தத் தகடுகளில் எண்ணுவது பிளவுத் துண்டுகளின் காமாவை. அது வேகமாகச் சரியும்: நேரம் 7 மடங்கானால் கதிர் 10-இல் ஒரு பங்கு. 1 மணி நேரத்தில் எடுத்தால் கிடைப்பதில் 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்று, 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று. ஆனால் குண்டு வெடித்த கோட்டில் 1 மணி நேரத்தில் யார் போவது? நியூட்ரான் பட்ட மண்ணில் சோடியம்-24 இருக்கிறது, அரைவாழ்வு 15 மணி நேரம். மாங்கனீசு-56 இருக்கிறது, 2.6 மணி நேரம். தரையே சுடச்சுட இருக்கும். ட்ரினிட்டியில் மண் எடுக்கவே ஈயத் தகடு போர்த்திய டாங்கிகளை அனுப்பினார்கள். தகடுகளை நீளமான கம்பிக் கயிற்றில் கட்டிவிட்டு, வெடித்த பிறகு மறுமுனையை வண்டியில் மாட்டி இழுத்து எடுப்பது இதற்குக் கண்டுபிடித்த வழி. மீன் வலை இழுப்பது போலத்தான். கயிறு நடுவில் எங்காவது சிக்கினாலோ அறுந்தாலோ, அந்தப் பகுதியின் புள்ளிகள் போனது போனதுதான். அதோடு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புளூட்டோனியம் தகட்டை வெட்டவெளியில் விட்டுவிட்டு வருவது. அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் அதிகாரியின் முகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கந்தகத்துக்கு வருவோம். கந்தகம்-32 வேக நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு புரோட்டானை வெளியே தள்ளி பாஸ்பரஸ்-32 ஆகிறது. அரைவாழ்வு 14.3 நாள். ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் 70 சதவீதம் மிச்சம் இருக்கும். தங்கம் அதே ஒரு வாரத்தில் ஆறில் ஒரு பங்காகிவிடும். மெதுவான நியூட்ரான் எத்தனை கோடி வந்தாலும் இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது, அதனால் மண் ஈரமா காய்ந்ததா என்ற கவலை பெரும்பாலும் இல்லை. குண்டிலிருந்து பெரிதாகத் தணியாமல் வந்தவற்றை மட்டும் எண்ணும். விலையோ கேட்கவே வேண்டாம்.

குறைகளும் உண்டு. 115 டிகிரியில் உருகிவிடும். குண்டுக்கு அருகே வைத்தால் டப்பாவுக்குள் பத்திரமாக வைக்க வேண்டும். பாஸ்பரஸ்-32 பீட்டாவை மட்டும்தான் விடும், காமா இல்லை. கந்தகக் கட்டியின் உள்ளே பிறந்த பீட்டா வெளியே வருவதற்குள் தீர்ந்துவிடும். 3 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள நியூட்ரான்களைப் பற்றி அது வாய் திறக்காது, அவைதான் எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய குறை நான் முதலிலேயே சொன்னது: எண்ணிக்கை குறைவு.

ஆனால் எண்ணிக்கைக் குறைவுக்குக் கந்தகத்திடமே மருந்து இருக்கிறது. எரித்துவிடலாம். கந்தகம் எரிந்து வாயுவாகப் போய்விடும். பாஸ்பரஸ் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். 20 கிராம் கட்டியை எரித்தால், 20 கிராமின் கதிரியக்கம் முழுதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும். அதை எண்ணியின் வாயருகே கொண்டுபோய் வைக்கலாம். தங்கத்தை இப்படிச் சுருக்க முடியாது, ஏனென்றால் பிறந்ததும் தங்கம்தான், சுற்றியிருப்பதும் தங்கம்தான். சமையலறை வேலை போல எளிமையான இந்தத் தந்திரம்தான் கந்தகத்தை இன்னும் சில நூறு மீட்டர் தள்ளிக்கொண்டுபோய் வைக்க விடுகிறது.

(ஹைட்ரஜன் குண்டின் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் சிர்கோனியம் வைக்கலாம், அதன் வாசல் 12-க்கு மேலே. அது தனிக் கதை.)

குண்டுச் சோதனையில்தான் அளக்க வேண்டுமா என்பது இன்னொரு தேர்வு. 1962-இல் நெவாடாவில் ஓக் ரிட்ஜ்காரர்கள் வேறு வழியை எடுத்தார்கள். 465 மீட்டர் உயரக் கோபுரம் கட்டி, கவசமே இல்லாத ஒரு சிறிய அணு உலையை அதில் ஏற்றி இறக்கினார்கள். பிரென் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரையைவிட உயரம். கீழே ஜப்பானிய வீடுகளைப் போன்ற மாதிரிகள், மரச் சட்டமும் சுவரும் ஓடும் எவ்வளவு நியூட்ரானைத் தடுக்கின்றன என்று பார்க்க. குண்டு ஒரு முறைதான் வெடிக்கும், அளவு தப்பினால் அடுத்த குண்டு வரை காத்திருக்க வேண்டும். உலையை எத்தனை முறை வேண்டுமானாலும், எந்த உயரத்திலும், எவ்வளவு நேரமும் இயக்கலாம். வீட்டுச் சுவரின் கணக்குக்கு உலையே மேல் என்பேன். ஆனால் அந்த உலையிலிருந்து வரும் நியூட்ரான்களின் ஆற்றல் கலவை அந்த உலையுடையது. ஹிரோஷிமாக் குண்டின் கலவை அது இல்லை. அந்தக் கோபுரம் பின்னர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டு, 2012 மே மாதத்தில் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டது.

நெவாடா எண்களை எடுத்து ஹிரோஷிமாவுக்குப் பொருத்தியபோது என்ன நடந்தது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் நிஜப் பரீட்சை. பிழைத்தவர்கள் வாங்கியது எவ்வளவு என்று 1965-இல் உருவான கணக்கு, டி65டி என்பார்கள், இப்படிப் பொருத்தியதுதான். நெவாடாவில் சோதனை நடந்த யுக்கா ப்ளாட் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,200 மீட்டர் மேலே இருக்கும் பாலைவனம். காற்று மெலிது, காய்ந்தது. ஹிரோஷிமாவோ கடலோரம், ஆகஸ்ட் மாதப் புழுக்கம், காற்றில் நீராவி. நீராவியின் ஹைட்ரஜன் நியூட்ரானைத் தணிக்கும். நான் மேலே வைத்த 220 மீட்டர் கணக்கில் காற்றின் அடர்த்தியை 10 சதவீதம் மாற்றினால், 1,500 மீட்டரில் விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும். அதற்கும் மேல், ஹிரோஷிமாவில் போட்ட குண்டு ரகம் முன்னால் சோதிக்கப்படவே இல்லை. துப்பாக்கிக் குழல் போன்ற கனத்த எஃகு உடம்பு. வேக நியூட்ரான்கள் அந்த எஃகிலேயே முட்டி ஓய்ந்தன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தில் அந்தக் குண்டின் மாதிரியை மறுபடி கட்டி, வெடிக்காமல், உலை போல இயக்கி நியூட்ரான் கசிவை அளந்தார்கள். 1986-இல் வந்த டி.எஸ்.86 கணக்கில் ஹிரோஷிமாவின் நியூட்ரான் பங்கு பழைய கணக்கில் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது.

இவ்வளவு பெரிய திருத்தம் சரியா என்று சரிபார்க்க ஊரிலேயே சாட்சி வேண்டும். நல்ல வேளையாகச் சாட்சி இருந்தது, அதுவும் கந்தகம். ஹிரோஷிமாவின் மின்கம்பங்களில் பீங்கான் இன்சுலேட்டரை இரும்புத் தண்டோடு ஒட்டவைக்கக் கந்தகத்தைப் பசையாக ஊற்றியிருந்தார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் யமசாகியும் சுகிமோட்டோவும் 1945-இலேயே அந்தக் கந்தகத்தைச் சுரண்டி எடுத்து பாஸ்பரஸ்-32 எண்ணினார்கள். எரிந்து கிடந்த ஊரில், 14 நாள் அரைவாழ்வு ஓடிக்கொண்டிருக்கும்போது, கம்பம் கம்பமாகப் போய்ப் பீங்கானைக் கழற்றியவர்களை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். திட்டமிட்டு வைத்த கருவிக்கும் மேலாக அந்தப் பசை வேலை செய்தது. குறை என்னவென்றால், சில நூறு மீட்டருக்கு அப்பால் கதிர் பின்னணியில் கரைந்துவிட்டது. பிழைத்தவர்கள் அதிகமாக இருந்ததோ அதற்கும் வெளியே, 1,000 மீட்டரைத் தாண்டிய வட்டத்தில்.

ஆகவே பிந்தைய ஆய்வாளர்கள் தங்கத்தின் உறவுக்காரர்களிடம் போனார்கள். வெப்ப நியூட்ரானை விழுங்கி நீண்ட நாள் உயிரோடு இருக்கும் பொருள்கள். கான்கிரீட்டுக்குள் இருந்த எஃகுக் கம்பியில் கோபால்ட்-60, அரைவாழ்வு 5.27 ஆண்டு. கல்லிலும் ஓட்டிலும் யூரோப்பியம்-152, 13.5 ஆண்டு. கருங்கல்லிலும் கான்கிரீட்டிலும் குளோரின்-36, மூன்று லட்சம் ஆண்டு. இவை 1 கிலோமீட்டருக்கு அப்பால் சொன்ன கதை வேறாக இருந்தது: கணக்கைவிட நியூட்ரான் அதிகம், தூரம் போகப் போக இன்னும் அதிகம், 1,500 மீட்டர் பக்கம் பல மடங்கு. டி.எஸ்.86 தவறா என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சண்டை. முன்பு சொன்னேனே, கோட்டை விட்டு மேலே எழும்பும் கடைசிப் புள்ளிகள், அவைதான் இவை.

கணக்கில் கோளாறு இல்லை. புள்ளிகளில்தான். கருங்கல்லிலும் கான்கிரீட்டிலும் குண்டு இல்லாமலேயே கொஞ்சம் குளோரின்-36 இருக்கும், விண்கதிர் உண்டாக்கியது. மேற்பரப்பில் எடுத்த மாதிரியில் அது தொல்லை. யூரோப்பியமோ எண்ணியின் எல்லையில் நின்றுகொண்டிருந்தது. பின்னணியைக் குறைக்க, இஷிகாவா மாகாணத்தில் கைவிடப்பட்ட ஒகோயா செம்புச் சுரங்கத்துக்குள் இருக்கும் ஆய்வகத்துக்கு மாதிரிகளைக் கொண்டுபோய், மலையைக் கவசமாக வைத்து எண்ணினார்கள். கவனமாக எடுத்த புதிய அளவுகள் கணக்கோடு ஒத்துப்போயின. தங்கக் குடும்பத்தின் பலம் அதிக எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையில் குண்டுக்குச் சம்பந்தமில்லாததும் சேர்ந்துவிடும் என்பதுதான் அதன் பலவீனம்.

முடிவைக் கொண்டுவந்தது செம்பு. கூரையோரச் செம்புத் தகடு, இடிதாங்கி போன்றவை. செம்பு-63 வேக நியூட்ரானை வாங்கி, புரோட்டானைத் தள்ளிவிட்டு, நிக்கல்-63 ஆகும். கந்தகம் செய்த அதே வேலை, ஆனால் அரைவாழ்வு சுமார் 100 ஆண்டு. ஐம்பது ஆண்டு கழித்துப் போனாலும் 70 சதவீதம் இருக்கும்படிக் காத்திருந்த கந்தகம் என்றே சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், நிக்கல்-63 விடும் பீட்டா அவ்வளவு மெலிது. அதனால் சிதைவை எண்ணாமல் அணுக்களையே முடுக்கி நிறமாலைமானியில், அதாவது அணுக்களை எடை வாரியாகப் பிரிக்கும் கருவியில், எண்ணினார்கள். செம்பு-63-உம் நிக்கல்-63-உம் ஒரே எடை, கருவிக்கு வித்தியாசம் தெரியாது. எனவே செம்பை ஏறக்குறைய முழுவதும் வேதியியல் முறையில் நீக்கிவிட்டு மிச்சத்தைத் தேட வேண்டும். வைக்கோற்போரில் ஊசி என்பதெல்லாம் இதற்கு முன் எளிது. ஆய்வாளர் டோர் ஸ்ட்ராமேயின் குழு 2003-இல் வெளியிட்ட முடிவில், பிழைத்தவர்கள் இருந்த தூரங்களிலும் வேக நியூட்ரான் கணக்கோடு ஒத்துப்போனது. அதே ஆண்டுகளில் வந்த டி.எஸ்.02 கணக்கு, வெடிப்பை 16 கிலோ டன் என்றும் 600 மீட்டர் உயரம் என்றும் சிறிது திருத்தியது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், என் கையில் ஒரு கோடும் செலவுக்குப் பணமும் இருந்தால் நான் செய்வது இது. 300 மீட்டருக்குள் கந்தகம் மட்டும், கெட்டியான உறைக்குள், சில கிராம் போதும். அங்கே நியூட்ரான் பஞ்சமே இல்லை. 400 முதல் 1,000 வரை முதுகெலும்பு கந்தகமே. அதோடு கயிற்றில் இரண்டு அல்லது மூன்று இடத்தில் மட்டும் பிளவுத் தகடுகளின் முழு வரிசை. எல்லா இடத்திலும் வேண்டாம், ஆற்றல் கலவை தூரத்தோடு அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. கயிறு சிக்கினாலும் கந்தகம் காப்பாற்றும். 1,000-க்கு அப்பால் தங்கத்துக்குத் தாவத் தோன்றும், தாவ மாட்டேன். பெரிய கந்தகக் கட்டி, எரித்து எண்ணுவது. பக்கத்தில் ஒரு தங்க இரட்டை, மண் என்ன செய்கிறது என்று வேவு பார்க்க மட்டும். 1,500-க்கும் அப்பால் கந்தகமும் ஓய்ந்த பிறகு, அளவைவிட கணக்கீட்டை நம்புவேன். பின்னணி மாதிரியாக, மிகத் தொலைவில் ஒரு கட்டியை வைத்து அதையும் எரித்து எண்ணிவிட்டுத்தான் எதையும் எழுதுவேன். அதைச் செய்யாமல் கடைசிப் புள்ளிகளை வெளியிட்டால் என்னாகும் என்று ஹிரோஷிமா காட்டிவிட்டது.

வெட்டவெளியில் குண்டு வெடித்து இப்படி அளக்கும் காலம் முடிந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் 1963 ஒப்பந்தத்தோடு நிறுத்தின, கடைசியாகச் சீனா 1980 அக்டோபரில் வெடித்தது. ஆனால் இந்தத் தகடுகள் வேலையில்தான் இருக்கின்றன. அணு எரிபொருளைக் கையாளும் தொழிற்சாலைகளில், தவறுதலாகத் தொடர்வினை மூண்டால் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று அறிய ஒரு சிறு பட்டை கொடுப்பார்கள். 1999-இல் ஜப்பானின் தொகைமுராவில் அப்படி ஒரு விபத்து நடந்தபோது, பக்கத்து வீடுகளில் இருந்த 5 யென் நாணயத்தின் துத்தநாகத்தைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பட்டைக்குள் பொதுவாக இண்டியம், தங்கம், செம்பு, கந்தகம் சேர்ந்தே இருக்கும். யாரும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. விபத்து நடந்தவுடன், 54 நிமிட அரைவாழ்வுள்ள இண்டியத்தின் மேல் ஒரு கைகர் கருவியைக் காட்டி, பட்டவர்களையும் படாதவர்களையும் வாசலிலேயே இரண்டு வரிசையாகப் பிரிப்பார்கள். தங்கத்தை மறுநாள் எண்ணலாம். கந்தகத்தை அடுத்த வாரம்.